வெளியில் படுக்க இடம் தேடிய முத்துலிங்கம்

முத்துலிங்கம் மடுல்கெல்லைக்குப் போய், பெண்டாட்டியின் சித்தப்பா வீட்டைப் பிடித்துக்கொண்டு, வயதான சித்தப்பா சித்தி இரண்டு பேரையும் ராத்திரி முழுக்கப் பனியில் படுக்கப் போட்டாராம். அது போதாதென்று சொந்தப் பெண்டாட்டியையும் பெற்ற பிள்ளையையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாராம். கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கதை இவ்வளவுதான். பாலத்தைத் தாண்டினால் கதையில் பொலிஸ் வந்துவிடுகிறது. நேற்று இறைச்சிக் கடையில் கேட்டேன், கத்தியும் வந்துவிட்டது.

கொஞ்சம் பொறுங்கள். உண்மை என்னிடம் இருக்கிறது. பொய்யைவிட நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஆளை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

உலகத்தில் வாங்குகிறவர், விற்கிறவர், சும்மா வேடிக்கை பார்க்கிறவர் என்று மூன்று இனம் இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நாலாவதாக ஒன்று இருக்கிறது. விசாரிக்கிறவர். இவர் வாங்க மாட்டார். ஆனால் வாங்கப் போகிறவரைவிட அக்கறையாக, பொருள் செய்தவனுக்கே தெரியாத விவரம் வரைக்கும் விசாரிப்பார். விசாரித்து முடித்ததும் பெருமூச்சு விட்டு, "இதவிட மலிவா ஒண்ணு இருக்கும்" என்பார். எங்கே இருக்கும்? அது தெரியாது. இருக்கும்!

நம் முத்துலிங்கம் இந்த இனத்தின் கொடிமரம். கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மேன். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரைக்கும், ஆணி வாங்க வருகிறவனிடம் "ஒரே வெலதான், ஒரு சதம் கொறைக்க ஏலாது" என்று கறாராகச் சொல்லுகிற மனுசன், ஆறு ஐந்துக்குக் கடைப்படி இறங்கியதும் ஆளே மாறிவிடுவார். அன்னாசித் துண்டு விற்கிற வண்டிக்காரனிடம், "மொளகாத்தூள் போடாம எவ்வளவு?" என்று கேட்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மகள் லோஜினி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போன காலையில், மனுசன் உணர்ச்சிவசப்பட்டு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். "பாஸ் பண்ணு, மலையில டென்ட் அடிச்சு ஒன்ன கேம்பிங் கூட்டிட்டுப் போறேன்." பிள்ளை பாஸ் பண்ணிவிட்டது. இவரும் சும்மா இல்லை. கழிவு விலையில் நாலு பேர் படுக்கிற டென்ட் ஒன்றை வாங்கிவிட்டார். பச்சை நிறம். இனி இடம் ஒன்றுதான் பாக்கி.

கண்டியைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? நாலு திசையிலும் மலை. மலைக்கு மலை டென்ட் அடிக்க இடம் கொடுக்கிற ஆட்கள். அவர்கள் எல்லோருக்கும் போன் இருந்தது. அதுதான் அவர்கள் செய்த பாவம்.

"ஹலோ, ஒரு நைட்டுக்கு ஆளுக்கு எவ்வளவுங்க?"

அந்தப் பக்கம் விலை சொல்வார்கள்.

"டென்ட் எங்ககிட்டயே இருக்கு. அத கழிச்சா?"

கழிப்பார்கள்.

"சாப்பாடும் கட்டிக்கிட்டு வந்துருவோம். அதையும் கழிச்சா? வெறகு வேணாம், வீட்டம்மாவுக்குப் பொக ஒத்துக்காது. மழ பேஞ்சா பாதி வெலதானே? அட்ட கடிச்சா அதுக்கு ஏதும் கொறைப்பீங்களா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும். அப்போதுதான் இவர் தன் கடைசி அஸ்திரத்தை எடுப்பார்.

"மல தெரியுதுன்னுதானே வெல கூட? நாங்க மலைக்கு முதுக காட்டிக்கிட்டே இருந்துக்கிறோம். அப்ப எவ்வளவு?"

ஒருவர் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "சேர், நீங்க வராம வீட்டுலயே இருங்க. நான் வேணும்னா ஒங்களுக்குக் காசு அனுப்புறேன்."

முத்துலிங்கம் கோபப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? "எவ்வளவு அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

இப்படி விசாரித்ததையெல்லாம் எண்பது பக்கக் கொப்பி ஒன்றில், சிவப்பு மையால் கோடு போட்டு எழுதி வைத்தார். தண்ணீர் உண்டா, கக்கூசு எத்தனை, பஸ் எவ்வளவு தூரம் வரும், நாய் கடிக்குமா. ஊரில் யாருக்காவது கேம்பிங் போக வேண்டுமா? நேரே முத்துலிங்கத்திடம் வருவார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொப்பியைப் புரட்டி, வைத்தியர் மருந்து எழுதுகிற மாதிரி இடம் எழுதிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு ரமேஸ் இரண்டு தடவை போய் வந்துவிட்டான். அவன் மச்சான் போனான், மச்சானுடைய ஆபீசே போனது. எல்லோரும் திரும்பி வந்து போட்டோ காட்டுவார்கள். இவர் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எவ்வளவு குடுத்த?" அவர்கள் சொல்வார்கள். "ஏமாந்துட்ட" என்பார்.

போனில் படம் பார்க்கிற இடத்திலும் இதே வேலைதான். பச்சையாகப் புல் தெரிந்தால் போதும், கீழே "நைட்டுக்கு எவ்வளவு?" என்று எழுதிவிடுவார். பெண்டாட்டி பிரேமிளாவின் கூட்டாளி ஒருத்தி, புது வீட்டுக்குக் குடிபோய், வாசலில் குடும்பமாக நின்று எடுத்த படத்தைப் போட்டாள். அதற்குக் கீழேயும் எழுதினார். அந்தக் கூட்டாளி இன்றைக்கு வரை பிரேமிளாவோடு பேசுவதில்லை.

டென்ட் என்ன ஆனது? ஒவ்வொரு லீவுக்கும் அதை அலுமாரியிலிருந்து எடுத்து, காற்றாட வேண்டும் என்று ஹோலில் விரித்து, கதிரைகளை மூலைக்குத் தள்ளி, லீவு முடிந்ததும் மடித்து வைப்பார்கள். ஒன்பது லீவு போனது. பத்தாவது லீவின் கடைசி வெள்ளிக்கிழமை. திங்கள் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட லோஜினி, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அப்பா, எங்க கிளாஸ் அம்னா ஒவ்வொரு லீவு முடிஞ்சும் கேக்குறா, கேம்பிங் போனியான்னு. ஒரு தடவ மழன்னு சொன்னேன். ஒரு தடவ ஒங்களுக்குக் காச்சல்னு சொன்னேன். போன தடவ டென்ட்ட எலி கடிச்சிருச்சின்னு சொன்னேன். இனி சொல்றதுக்கு எங்கிட்ட பொய் இல்ல."

முத்துலிங்கம் ஆடிப்போய்விட்டார். முழுசாக ஒரு நிமிஷம் யாரிடமும் எதற்கும் விலை கேட்கவில்லை.

பிரேமிளா சாவகாசமாக ரசத்தை ஊற்றினாள். "நாளைக்கு இந்த டென்ட் ஏதாவது ஒரு மலைக்குப் போகணும். இல்லாட்டி நானும் புள்ளையும் ரமேசோட போயிருவோம். ஒங்க கொப்பியில உள்ளதுலயே வெல கூடின எடத்துக்கு."

வெல கூடின எடம்! அந்த வார்த்தையில் மனுசனுக்கு ஞானம் பிறந்தது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்தார். "பிரேமி, ஒங்க வீரய்யா சித்தப்பா மடுல்கெல்லையிலதானே இருக்காரு? லயத்துக்கு முன்னால மரக்கறித் தோட்டம் வச்சிருக்காரே, பின்னால முழுசா மல! அஞ்சு சதம் இல்ல!"

யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம், எண்பது பக்கம். ஓசி இடம் சொந்தத்திலேயே இருந்திருக்கிறது. உடனே போன் போட்டார்.

"மாமா, நாளைக்கு வர்றோம். ஒங்க தோட்டத்துல ஒரு நைட்டு டென்ட் அடிச்சு..."

"மாப்பிள்ள!" வீரய்யாவின் சத்தம் போனை விட்டு வெளியே வந்தது. "அஞ்சு வருஷமாச்சே நீங்க இந்தப் பக்கம் வந்து! மொதல்ல வாங்க, மத்தத வந்து பேசிக்கலாம். ஏ வேலாயி, அந்த செவப்பு சேவலப் புடி!"

மறுநாள் காலையில் பாரூக் நானாவின் ஆட்டோ வந்து நின்றது. முத்துலிங்கம் டென்ட்டோடு வெளியே வந்தார். பின்னால் பிரேமிளா பைகளோடு வந்தாள். ஒரு பையில் சித்திக்குச் சேலை, ஒன்றில் சித்தப்பாவுக்குச் சாரமும் பெனியனும். பிறகு அப்பிள், கேக், பிஸ்கட் பெட்டி, பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களுக்கு மிக்சர்.

"கேம்பிங் போறோம்டி. பொண்ணு பாக்கவா போறோம்?"

"அஞ்சு வருஷம் கழிச்சுப் போறோம். கைய வீசிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

அந்தப் பைகளுக்குப் போன காசில், கொப்பியில் இருந்த இடங்களிலேயே விலை கூடினதில், சாப்பாடும் விறகும் மலையும் சேர்த்து, மூன்று பேர் இரண்டு நாள் படுத்து எழும்பியிருக்கலாம். முத்துலிங்கம் கணக்குப் போட்டார். பாதி வழியில் வத்தேகம வந்தும் கணக்கு முடியவில்லை.

ஆனால் மடுல்கெல்லையில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. தேயிலைக்கு மேலே மலை, மலைக்கு மேலே மேகம். எவனும் டிக்கட் கேட்கவில்லை! போஞ்சிப் பந்தலுக்குப் பக்கத்தில் லோஜினி தானே கம்பைச் சொருகி, கயிற்றை இழுத்து, டென்ட்டை நிமிர்த்திவிட்டாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் அத்தனையும், லயமே வந்து பார்த்தது. வீரய்யாவும் பெருமையாக அதைத் தட்டிப் பார்த்தார். பிள்ளை விளையாடக் கொண்டுவந்த சாமான் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

பிறகு சேவல் குழம்பானது. மாப்பிள்ளைக்குத் தொடை ஒன்றுக்கு இரண்டாக விழுந்தது. இருட்டுகிற நேரம், வேலாயி உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் புது விரிப்பு விரித்துவிட்டு வந்தாள்.

"படுங்க மாப்பிள்ள. ரோட்டுல வந்த களைப்பு."

"இல்லங்க அத்த. நாங்க டென்ட்டுலதான் படுக்கப் போறோம்."

வேலாயி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "நாங்க என்ன கொற வச்சோம்? லயத்து வீடுன்னு நெனச்சிட்டீங்களா?"

"ஐயோ, அதில்ல அத்த..."

பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல்: "என்னா வீரய்யாண்ணே, வீட்டு மாப்பிள்ளைய போஞ்சிக் கொடியோட படுக்கப் போடுறீங்களாமே?"

முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எந்த மாமனாரால் தாங்க முடியும்? வீரய்யா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார். அன்பாகத்தான். ஆனால் முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. அடுத்த நிமிஷம் முத்துலிங்கம் கட்டிலில் இருந்தார்.

"நீங்க மூணு பேரும் உள்ளுக்குப் படுங்க. நானும் ஒங்க அத்தையும் அந்தத் துணி வீட்டுல சுருண்டுக்கிறோம்" என்றார் வீரய்யா.

லோஜினி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். அவள் கட்டின டென்ட், அவள் இழுத்த கயிறு. உள்ளே போர்வையோடு தாத்தாவும் அம்மாயியும் தவழ்ந்து போகிறார்கள். திங்கட்கிழமை அம்னா கேட்பாள். இந்தத் தடவை என்ன சொல்வது? டென்ட்டைத் தாத்தா கொண்டுபோய்விட்டார் என்றா? பிறகு என்ன நினைத்தாளோ, தலையணையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"தாத்தா, இது நாலு பேர் டென்ட்! கொஞ்சம் தள்ளிப் படுங்க!"

பிரேமிளா கட்டிலையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். அவளும் தலையணையை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டென்ட்டுக்குள்ளிருந்து ஒரே சிரிப்பு. டோர்ச் வெளிச்சத்தில் வேலாயி விரலை மடக்கி முயல் காட்டுகிறாள், வீரய்யா நரியாக ஊளையிடுகிறார், லோஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முத்துலிங்கம் ஜன்னலுக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிரேமி... நானும் ஒரு ஓரமா..."

"நாலு பேர் டென்ட்டுங்க. ஆள் சரியாப்போச்சு."

"ஒடுங்கிக்கிட்டுப் படுக்கிறேன்டி."

"கூடுதலா ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்க!"

காலையில் பாரூக் நானா ஏற்றிப்போக வந்தபோதுதான் வினை. அவர் கண்டது என்ன? அதை அவர் வாயாலேயே கேளுங்கள்: "அல்லாவே, நான் என்ட கண்ணால கண்ட. வயசான ரெண்டு பேரும் அந்தப் பனியில டென்ட்டுக்குள்ள ஈந்து ஊர்ந்து வாராங்க. பொறகு பொஞ்சாதி, பொறகு புள்ள. இவரு மட்டும் ஊட்டுக்குள்ள ஈந்து கொட்டாவி உட்டுக்கிட்டு வாராரு!" கண்ணால் கண்டது அவ்வளவும் உண்மை. மிச்சத்தை ஊர் போட்டுக்கொண்டது.

திங்கட்கிழமை அம்னா கேட்டாள். லோஜினி இரண்டு பாடம் முடிகிற வரைக்கும் பதில் சொன்னாளாம். டீச்சர் அவளை எழுப்பிவிட்டாராம். நின்றுகொண்டும் சொன்னாளாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். போக வேண்டும் என்று போனில் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அந்த இடங்களில் எத்தனைக்குப் போனீர்கள்? இந்தக் கதையைப் படித்துக்கொண்டு வந்தபோது, அந்த விலை கூடின இடம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தரமாவது மனதில் ஓடவில்லையா? ஓடியிருந்தால், வீட்டில் டென்ட் ஏதும் மடித்துக் கிடக்கிறதா என்று அலுமாரியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நான் நேற்றுக் கடைக்கே போய் முத்துலிங்கத்திடம் கேட்டுவிட்டேன். ஒரு கிலோ ஆணியை நிறுத்துக்கொண்டிருந்தார். "என்னங்க, வீட்டப் புடிச்சிக்கிட்டு எல்லாரையும் வெளிய போட்டீங்களாமே?"

தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"எவன்யா சொன்னது? நான் யாரையும் வெளிய போடல. மூணு வருஷமா வெளிய படுக்கத்தான் எடம் தேடினேன். எடம் ஓசியா கெடச்சிச்சு. எனக்குத்தான் அதுல எடம் கெடைக்கல."