அப்பாவின் முறை

“அப்பா, எப்படி இருக்கீங்க?” என்று மூன்று பிள்ளைகளும் மூன்று ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டதில், கான்ஃபரன்ஸ் காலில் சந்தை இரைச்சல்தான் மிஞ்சியது. அப்பா என்ன பதில் சொன்னாரோ, அவருக்கே வெளிச்சம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் போனை அவர் வாயருகே பிடித்திருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அப்பாவின் குரலைக் கேட்க இதுதான் கடைசி வாய்ப்பு.

மூத்தவன் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் ஆபரேட்டர். ஊரிலுள்ள அத்தனை டிரைவர்களையும் ஒரே அலைவரிசையில் கட்டி மேய்ப்பவன். கூடப்பிறந்த இரண்டு பேர் அவனுக்கு எம்மாத்திரம்?

“ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயைத் திறக்கக் கூடாது. முடிச்சதும் ‘ஓவர்’னு சொல்லணும். அப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான். தைரியமா இருங்க. ஓவர்.”

அந்த நேரம் பார்த்து லைனில் வந்து சேர்ந்தாள் அத்தை. “ஐயோ, ஓவரா? என் அண்ணன் போயிட்டாரா?”

அவளைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மறுபடியும் சந்தை.

“சரி, ஆளுக்கு ஒரு நிமிஷம். முதல்ல தம்பி, அப்புறம் தங்கச்சி.”

தம்பிக்கு சிக்னல் சரியில்லை. அவன் பேச்சு தங்கையின் நிமிஷத்தில் வந்து விழுந்தது.

“என் நேரத்துல நீ ஏன்டா பூர்ற?”

“சின்ன வயசுலேர்ந்தே என்னைப் பேச விட்டிருக்கியா நீ?”

நடுவில் அப்பா இருமினார். ஊரார் குரலையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறவனுக்குப் பெற்ற அப்பனின் குரல் எட்டவில்லையே என்று அழுகை முட்டியது.

“எல்லாரும் வாயை மூடுங்க! இனி அப்பா மட்டும்தான்!” என்று கத்தியபடி, லைனில் இருந்த அத்தனை பேர் குரலையும் ஒரே பொத்தானில் அடைத்தான்.

அப்பாடா, அமைதி.

“இப்போ பேசுங்கப்பா. ஓவர்.”

சத்தமே இல்லை. கோபமா? முடியவில்லையா? போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தான். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

பொறுக்கமாட்டாமல் பொத்தானைத் திரும்பத் தட்டினான். ஸ்ட்ரெச்சர் உருண்டு தூரப் போகும் ஓசை கேட்டது. பிறகு நர்ஸின் குரல்.

“ஏன் சார் யாருமே பதில் சொல்லல? ஐயா உங்க ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி அவ்வளவு நேரம் பேசிட்டு, கடைசியில ‘ஓவர்’னும் சொல்லிட்டு, போற வரைக்கும் போனையே பார்த்துக்கிட்டிருந்தாரே!”