ஈசானிய மூலையில் ஒரு சமாதி

கூச்சப்படுகிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று பலரும் நம்புகிறார்கள். கூச்சப்படுகிற என்னைக் கேளுங்கள். உண்மையைச் சொல்ல நாலு வாக்கியம் பேச வேண்டும். பொய்க்குத் தலையை ஆட்டினால் போதும். அப்படி ஒரு முறை தலையை ஆட்டித்தான், உயிரோடு இருந்த என் மாமனாரை அமெரிக்காவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் புதைத்தேன். அதுவும் நாயாக.

தொண்ணூறுகளின் கடைசி. கலிபோர்னியாவில் பிளசன்டனுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தோம். வாங்கியது என் மனைவி கோமதி என்பதே சரி. அவள் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். பிளசன்டனில் ஒரு ஹோட்டலில் தோசை போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அங்கே காதுக்கு ஓரளவு பழகினாலும் வாய்க்குக் கிடைத்த ஆங்கிலம்: யெஸ், நோ, மைல்டு, மீடியம், ஸ்பைசி. எது புரியாவிட்டாலும் ‘யெஸ்’ என்றால் யாரும் கோபப்படுவதில்லை என்பதையும் அங்கேதான் கற்றேன்.

கோமதி திருநெல்வேலியில் நர்ஸ் படிப்பு படித்தபோது அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் நான் டீ போட்டேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவள் அப்பா சண்முகசுந்தரம், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், ஊகிக்கத் தவறியவர் அவர் ஒருவர்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. ஒரே அறையில் இருப்போம். “அவர்ட்ட சொல்லும்மா, ஃபேனைக் கொறைக்கச் சொல்லி” என்பார் மகளிடம். ஃபேனுக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

அவர் மனைவி காலமான பிறகு ஊரில் அவர் தனியாகக் கிடந்தார். ஒரு முறை குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து தூக்கும் வரை கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து கோமதிக்குத் தூக்கமில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஆறு மாத விசாவில் வரவழைத்தாள். இங்கேயே இருந்துவிடுங்கள் என்றால் மறுத்துவிட்டார்.

“பொண்ணு கொடுத்த வீட்ல ஒருவேளை கை நனைக்கலாம். குடியிருக்க முடியாது. தனி வாசல், தனி அடுப்பு இருந்தாச் சொல்லு, யோசிக்கேன்.”

தனி வாசலுக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான், கோமதியோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ் சொன்னாள்: கொல்லையில் பெற்றோருக்காகச் சின்ன வீடு கட்டினால் சிட்டியே குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது, பெரியவர்கள் அங்கே குடியிருக்கும் வரை கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கக்கூட வேண்டாம். இந்த ஊரில் அதை ‘இன்-லா யூனிட்’ என்பார்களாம். மாமனார் குடியிருக்க அரசாங்கம் பணம் தருகிறது! (நம் ஊரில் மாமியார் வீடு என்றால் ஜெயில். அதற்கும் அரசாங்கம்தான் பணம் தருகிறது.) கோமதி அப்ளை பண்ணினாள். முதல் படி தாண்டியது. அடுத்து சிட்டி ஆபீசர் அம்மா வந்து காலி இடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

“என்னங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. அந்தம்மா வந்து பாக்கறதுக்கு முன்னாடி வேலை ஆரம்பிச்சதாத் தெரிஞ்சா மொத்தமும் கேன்சல். மண்ணுல ஒரு கரண்டி படக் கூடாது.”

ஆபீசர் வருவது அடுத்த வாரம். ஆனால் ஆடி மாதம் அதற்கு முன்பே பிறக்கிறது. மாமனார் பஞ்சாங்கத்தோடு வந்திருந்தவர். ஆனிக்குள் பூமி பூஜை போடாவிட்டால் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார். அவள் இரண்டு பக்கமும் அடிபடும் மத்தளமாகி, கடைசியில் விளக்கேற்றித் தேங்காய் மட்டும் உடைத்துக்கொள்ளலாம், தோண்டக் கூடாது என்று பஞ்சாயத்து பண்ணிவிட்டுக் காலை டியூட்டிக்குப் போனாள். எங்கள் சின்ன மகள் கோடை வகுப்புக்குப் போனாள்.

மிஞ்சியது நானும் மாமனாரும். இப்போது ஒரு சிக்கல். நடுவில் நின்று சேதி சொல்ல ஆள் இல்லை. மாமனார் சுற்றிலும் பார்த்தார். கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னார்:

“தோண்டாம என்ன பூமி பூஜை? தண்டவாளம் போடாம ரயில் விடுறதா?”

காற்றில் எலுமிச்சை மரம் தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

“ஈசானிய மூலையில முழங்கால் ஆழம் தோண்டணும்” என்றார் மரத்திடம்.

மரத்துக்குக் கை கிடையாது என்பதால் நான் தோண்டினேன். (இவர் மனம் கோணினால் ஊருக்குக் கிளம்பிவிடுவார், கோமதி அழுவாள் என்ற பயம். தோண்டுவது ஒரு பேச்சும் வேண்டாத வேலை என்பது இன்னொரு காரணம்.) மஞ்சள் குங்குமம் வைத்த செங்கற்களைக் குழிக்குள் வைத்து, நவதானியம் தூவி, பால் ஊற்றி, அவரே மந்திரம் சொல்லிப் பூஜையை முடித்தார். முகத்தில் ஒரு நிறைவு. காப்பி போட உள்ளே போனார்.

நான் குழியை மூடினேன். மூடிய மண் மேடாக நின்றது. எவ்வளவு மிதித்தாலும் அடங்கவில்லை. அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கழுத்தில் கேமராவும் கையில் அட்டையுமாக, உயரமாக ஓர் அம்மா. சிட்டி ஆபீசர், கரோல் என்று பெயர் சொன்னார். இந்தப் பக்கம் வேறொரு வேலையாக வந்தாராம். காலையிலேயே போன் செய்து, வருவதாகச் சொல்லியும் வைத்தாராம். போனில் வரும் பேச்சைப் பதிந்துவைக்கும் மெசேஜ் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். பெட்டி ஆரோக்கியமாக இருக்கிறது போலும் என்று சந்தோஷப்பட்டேன்.

‘ஒன் மினிட்’ என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். மேட்டை மறைக்க வேண்டும். பூச்செடிப் பாத்தி மாதிரி ஆக்கிவிடலாம் என்று தோன்றியது. பூஜைக்கு வாங்கிய பூவையெல்லாம் அதன்மேல் கொட்டினேன். மாலை ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் போட்டேன். ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்ததை மறந்துவிட்டேன்.

கரோல் அம்மா கொல்லைக்கு வந்தார். அவர் இடது பக்கம் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். வலது பக்கம் வந்தால் நானும் வந்தேன். கபடி ஆட்டம் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் என் தோளுக்கு மேலாகவே எட்டிப் பார்த்துவிட்டார். மண்மேடு, மாலை, புகை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது.

“டாக்?” என்றார்.

நாயா என்று கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. தோண்டியதற்கு வேறு காரணம் ஒன்று தட்டில் வைத்து நீட்டப்படுகிறது என்பதும் புரிந்தது. தலையை ஆட்டினேன்.

எப்போது என்று கேட்டார். “டுடே” என்றேன். பெயர் என்ன என்று கேட்டார்.

நாய்க்கு எத்தனையோ பெயர் உண்டு. மணி, ராஜா, டைகர். ஆனால் மாதக்கணக்காக இரவும் பகலும் என் தலைக்குள் ஓடியது ஒரே பெயர். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“சண்முகசுந்தரம்.”

அவர் அதை மரியாதையாக ஒரு முறை சொல்லிப் பார்த்தார். வயது கேட்டார். எழுபத்திரண்டு என்றேன். மனிதக் கணக்கிலா என்று கேட்டார். ‘யெஸ்’ என்றேன். அந்த ஒன்றுதான் அதுவரை நான் அவரிடம் சொன்ன உண்மை.

உடனே அவர் என்னைக் கட்டிக்கொண்டார். மனைவியைத் தவிர எந்தப் பெண்ணின் கையும் படாத உடம்பு. விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன். அவருடைய நாயும் சமீபத்தில்தான் செத்துப்போனதாம், அழுதார். நானும் அழுதேன், பயத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பேசியதில் எனக்குப் புரிந்த வார்த்தைகள்: பெர்மிட், ஹெல்த் டிபார்ட்மென்ட், நெக்ஸ்ட் இயர். செல்லப் பிராணியைப் புதைத்த இடத்தில் உடனே தோண்டச் சொல்ல மனம் வரவில்லை, சுகாதாரத் துறையும் பார்க்க வேண்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார். மாமனாரின் விசா அதுவரை தாங்காது. கோமதியின் முகம் கண்முன் வந்தது. நாலு வாக்கியம் பேசினால் எல்லாம் சரியாகும். என் வாயில் ஒன்றுகூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, நெற்றி நிறைய விபூதியோடு, விருந்தாளிக்கென்று காப்பி டம்ளரை ஏந்திக்கொண்டு மாமனார் வந்தார். ஆங்கிலத்தில் நிமிர்ந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்: “சண்முகசுந்தரம், ஸ்டேஷன் மாஸ்டர், ரிட்டயர்டு.”

கரோல் அம்மா அவரைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் ஒளிய முடியுமா என்று நான் பார்த்தேன்.

“மாமா,” என்றேன். நானாக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. “தோண்டுனது தெரிஞ்சா பணம் வராது. நாய் செத்துப்போச்சுன்னு இவங்களே நெனச்சுட்டாங்க. நானும் ஆமாம்னுட்டேன். பேர் கேட்டாங்க…”

அவருக்குப் புரிந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் என்று நினைத்தேன். அவர் ஆபீசர் அம்மா பக்கம் திரும்பி, ரயில் தாமதம் அறிவிக்கிற அதே நிதானத்தோடு ஆங்கிலத்தில் சொன்னார். மண்ணைத் தோண்டுமுன் அதனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம், இங்கே நடந்தது அந்தப் பூஜை மட்டும்தான், தோண்டச் சொன்னதும் இவரில்லை, நான்தான். “நாய் கிடையாது மேடம். நான்தான் இருக்கேன்.”

நான் கையாலேயே மண்ணை விலக்கி மஞ்சள் பூசிய செங்கற்களைக் காட்டினேன். கரோல் அம்மா கவிழ்த்துக் கிடந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நிஜமாக அழுதேனே என்று என்னைக் கடிந்துகொண்டார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது. கான்கிரீட் ஊற்றினீர்களா என்று கேட்டார். இல்லை. சுவர் உண்டா? இல்லை. பிரார்த்தனை கட்டட வேலை ஆகாது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். ஆபீசில் மேலதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொல்வேன், கடிதம் வரும் வரை ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடாதே என்று விரலை ஆட்டி எச்சரித்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மாமனார் எலுமிச்சை மரத்தின் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஏம் மாப்ளே,” என்றார், “நாய்க்கு வைக்க வேற பேரே கெடைக்கலியா ஒமக்கு?”

கல்யாணமாகி அத்தனை வருடம் கழித்து வந்த முதல் மாப்ளே. டியூட்டி முடிந்து வந்த கோமதி கதையைக் கேட்டு, கடிதம் வந்து சேரும் வரை என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் மாமா பேசுகிறாரே.

ஆவணியில் ஒப்புதல் வந்தது. மாமா ஊருக்குப் போய் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பேப்பர் வேலையெல்லாம் முடிந்து நிரந்தரமாகத் திரும்பியபோது, தனி வாசலும் தனி அடுப்புமாகச் சின்ன வீடு காத்திருந்தது. (தாத்தாவைக் கொல்லையில் புதைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார், அங்கேயே வீடும் கட்டிக்கொண்டார் என்று மகள் வகுப்பில் சொல்லிவைக்க, டீச்சர் பதறிப்போய் போன் செய்தார்.)

அந்தத் தனி அடுப்பில் அவர் ஒரே ஒரு முறைதான் சமைத்தார். குடிபுகுந்த அன்று பால் காய்ச்சினாரே, அதுதான். அப்புறம் மூன்று வேளையும் என் தோசைக்கல்லுக்கு முன்னால்தான் உட்காருகிறார். சாப்பாடு சற்றுத் தாமதமானால் போதும். சிட்டி கடனில் கட்டிய அந்தத் தனி வாசலில் வந்து நிற்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் நிற்கிற அதே மிடுக்கோடு, அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு முறை குரல் கொடுப்பார்.

“வள்.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.