ஆணியில் தொங்கிய ஒன்றாம் நம்பர் மட்டை

வாங்க வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில், பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஏழாம் நம்பரை மிஞ்ச ஆள் கிடையாது. கடை வைத்திருந்தார். விற்கத்தான் மாட்டார்.

நகரத்துக் கோல்ஃப் மைதானத்தில் அடுத்தவர் பையைச் சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன மனிதர். அஸ்தினாபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய கோல்ஃப் மட்டைகளுக்குப் பிடி சுற்றிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். கோல்ஃபைக் குதிரைமேல் உட்கார்ந்து ஆடுவார்கள் என்று தாம்பரத்தில் பாதிப் பேர் நம்பிய காலம்.

கோல்ஃப் மட்டைகளுக்கு எண் உண்டு. ஒன்றாம் நம்பர் நீளமானது, தலை பெருத்தது, பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அனுப்புவது. எண் ஏற ஏற மட்டை குட்டையாகும், முகம் சாயும், பந்து எழும்பிக் கிட்டத்திலேயே விழும். யார் எதைக் கேட்டாலும் இவர் பத்துப் பந்து அடிக்கச் சொல்வார். பிறகு ஒரே தீர்ப்புதான்: "உனுக்கு ஏழாம் நம்பர் போதும் சார்." அவர் பெயரும் அதுவாகிவிட்டது.

எனக்கு அவசரம். குரோம்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். என்னை ஓசூருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. என் மனைவி ஸ்டெல்லா தாம்பரத்தில் டீச்சர். மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு ஜன்னல் மட்டத்தில் நின்று, செங்கல் வாயைத் திறந்து வானத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. மாற்றலை நிறுத்தக்கூடியவர் மேனேஜர் ஒருவரே. ஆபீசில் அவர் தலை நிமிர மாட்டார். "கோல்ஃப்ல பிடிங்க சார், அங்கதான் மனுஷனா இருப்பாரு" என்றார் டைப்பிஸ்ட்.

போனேன். கொட்டகைக்குப் பின்னால் காலி மனை. முதல் மூன்று பந்துகள் நகரவே இல்லை. நான்காவது யாரோ இறக்கி வைத்திருந்த செங்கல் அடுக்கைச் சரித்தது. ஐந்தாவது ஓர் எருமையின் முதுகில் விழுந்தது. அது திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்.

"அண்ணா, மேனேஜர் எதிர்ல நிக்கணும். பெரிய மட்டையா குடுங்க."

"இன்னாத்துக்கு? ஒண்ணாம் நம்பருக்கு மூஞ்சி நேரா கீது. உன் தப்ப ஊருக்கே காட்டிக் குடுத்துரும். ஏழாம் நம்பருக்கு மூஞ்சி சாஞ்சிகீது. தப்ப மன்னிச்சிரும்."

"இல்லண்ணா, ஓசூருக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. ஸ்டெல்லா வேலைய விடணும், வீடு பாதியில நிக்குது..."

"கையை ஒயுங்கா புடி சார்."

மூன்று மாதம் இதேதான். நான் ஓசூரைப் புலம்புவேன். அவர் பிடிக்கு டேப் சுற்றுவார். சுவரோடு பேசியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்.

அந்தச் சுவரிலோ வரிசையாக ஆணிகள். ஆணிதோறும் ஒரு மட்டை, மட்டைதோறும் அட்டையில் ஒரு பெயர். சேலையூர் டாக்டர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த முழு செட்டில் நான்கை மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இவர் மாட்டி வைத்திருந்தார். "தேறினதும் எட்த்துக்கட்டும்."

வெறுத்துப்போய், பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் பளபளவென்று ஒன்றாம் நம்பர் வாங்கினேன். மூன்று வாரம் வீசினேன். தோள்பட்டை கழன்றது, பந்து மண்ணுக்குள் போனது. கடைசியில் அவரிடமே எடுத்துப்போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எடக்கைக்காரன் மட்டை. மூணு வாரமா அத்தோட முதுவால அட்ச்சிகினு கீற."

அதுவும் ஆணிக்குப் போனது, என் பெயரோடு.

கம்பெனிக்காரர்கள் கோல்ஃப் ஆடும் ஞாயிறு வந்தது; கெஞ்சிக் கூத்தாடி மேனேஜரோடு ஜோடி சேர்ந்திருந்தேன். மற்றவர்கள் ஆள் உயரப் பைகளோடு நிற்க, நான் ஏழாம் நம்பர் சைக்கிள் ட்யூபில் கட்டிக்கொடுத்த இரண்டே மட்டைகளோடு நின்றேன்: குழிக்குள் தள்ளிவிட ஒன்று, மன்னிக்க ஒன்று. மேனேஜர் ஒன்றாம் நம்பரைச் சுழற்றினார். பந்து முள்காட்டுக்குள் பாய்ந்தது. நான் தட்டினேன், கொஞ்ச தூரத்தில் நேராக விழுந்தது. அவர் காட்டுக்குள், நான் பாதையில். அவரோடு சேர்ந்து நடக்க வந்தவன், அவர் தலையையே பார்க்க முடியவில்லை. அஸ்தினாபுரத்து ஏழாம் நம்பரை வாய்விட்டுத் திட்டினேன்.

நான்காவது குழியில், முழங்கையெல்லாம் கீறலோடு மேனேஜர் வெளியே வந்தார். "மிஸ்டர், அந்த ஸ்டிக்கைக் கொஞ்சம் குடுங்க."

அடித்தார். நேராகப் போனது. அதன்பின் இருவருக்கும் ஒரே மட்டை. ஒருவர் அடித்து மற்றவர் கையில் கொடுக்க வேண்டும்; எனவே தோளோடு தோள் உரச நடந்தோம். ஓசூர் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் அவர் கேட்டது: "யார்கிட்ட வாங்கினீங்க?"

மறுநாள் மாலையே அவரை அஸ்தினாபுரம் அழைத்துப்போனேன். பத்துப் பந்து. எருமை முன்னெச்சரிக்கையாக எழுந்து போனது. ஏழாம் நம்பர் மேனேஜரின் வெளிநாட்டு ஒன்றாம் நம்பரைச் சாவதானமாக வாங்கி, அட்டையில் பெயர் எழுதி, ஆணியில் மாட்டினார். தொங்கியது மட்டை இல்லை, என் குடும்பம்.

"வாட் இஸ் திஸ்?" மேனேஜரின் முகம் சிவந்தது. "எப்பத் திருப்பித் தருவீங்க?"

"ஞாயித்துக்கியமைல வந்து அட்ச்சிப் பயகு சார். தேறினா குட்த்துர்றேன். ஒரு ரெண்டு மூணு வர்சம் ஆவும்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா தனியா வராத. அடம் புடிப்ப. இந்த சாரு கூட வரணும். இவுரு எங்கியும் போய்ட்டார்னா எங்கிட்ட வராத, எட்த்துகினு போய்க்கோ."

மேனேஜர் ஆணியைப் பார்த்தார். கையிலிருந்த ஏழாம் நம்பர் மட்டையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உங்க பேர்தான ஓசூர் லிஸ்ட்ல இருக்கு? வேற ஆளைப் பாத்துக்கலாம்."

ஏழாம் நம்பர் நிமிரவே இல்லை. மூன்று மாதம் சுவர் என்று நினைத்துப் பேசியிருந்தேன்.

வீடு எழும்பியது. மேனேஜர் இரண்டரை வருடத்தில் தேறி, தன் மட்டையை மீட்டுக்கொண்டு பம்பாய் போனார். அதன்பிறகும் நான் ஞாயிறுதோறும் போய்ப் பத்துப் பந்து அடிப்பேன். "இன்னும் தேறல சார்" என்பார். எங்கே தேறிவிடப் போகிறேனோ என்று, ஒன்றிரண்டை நானே மண்ணில் அடித்துக்கொண்டிருந்தேன்.