போனில் சொன்ன ‘சரிங்க’

கூச்சமுள்ளவர்கள் கையில் போனைக் கொடுக்கவே கூடாது. எதிரில் ஆள் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு தப்பித்துவிடலாம். போனில் ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு வந்ததெல்லாம் ஒரே வார்த்தை, ‘சரிங்க’.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அப்போது திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் கம்பெனி கேண்டீனில் வேலை. கம்பெனி வாசலில் குடை போட்டு உட்கார்ந்து கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். (வேண்டாம் என்று சொல்லக் கூச்சம்.) மகள் ஜெசிந்தா நர்சிங் சேர்ந்தபோது முதல் வருஷத்து ஃபீஸை அதில்தான் கட்டினோம். வட்டி எங்களைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேறொரு பேங்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், உங்க பழைய கார்டு பாக்கியை எங்க கார்டுக்கு மாத்திக்கலாம் மேடம். ஆறு மாசத்துக்கு வட்டியே கிடையாது மேடம்.”

அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. கேண்டீனில் ‘யம்மா, சாம்பாரு’தான். உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் கேட்டதற்கெல்லாம் ‘சரிங்க’ போட்டுவிட்டு, கடனே ஒழிந்தது என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஒரு பில் கவர் வரும் வீட்டுக்கு இரண்டு கவர் வந்தது.

ஜெசிந்தா இரண்டையும் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். புது கார்டில் மொத்தக் கடனுக்கும் இடமில்லையாம். கால்வாசி பழைய கார்டிலேயே தங்கிவிட்டது. நான் கடன் தீர்ந்த சந்தோஷத்தில் அங்கே தவணை கட்டவில்லை. அதற்கு அபராதம். புது கார்டில் மாற்றிக் கொடுத்ததற்கு ஒரு கூலி. போதாததற்கு ஏதோ இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் பிடித்தம். ஏற்கெனவே கழுத்துவரை நிரம்பியிருந்த கார்டு இந்த இன்சூரன்ஸால் லிமிட்டைத் தாண்டி வழிந்துவிட்டது. வழிந்ததற்கும் ஒரு அபராதம்!

“யம்மா, இப்டியே போனா ரெண்டாவது வருஷ ஃபீஸ் கட்ட முடியாது. நான் நின்னுடறேன்” என்றாள். அழவில்லை. புத்தகங்களை அடுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். குரலே சங்கு ஊதினாற்போல இருக்கும். மறுநாளே எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பாரிமுனையில் இருந்த புது கார்டு பேங்க் ஆபீசுக்குப் போனார். ஏசி குளிரில் நான் முந்தானைக்குள் ஒடுங்கிவிட்டேன்.

டை கட்டிய ஒரு தம்பி சிரித்துக்கொண்டே, “எல்லாத்துக்கும் மேடம்தான் ஒத்துக்கிட்டாங்க. ரெக்கார்டு இருக்கு சார், கேளுங்க” என்று கம்ப்யூட்டரைத் தட்டினார்.

ஆபீஸ் முழுக்க என் குரல்! மாற்றும் கூலி, சரிங்க. தேதி தாண்டினால் அபராதம், சரிங்க. இந்தப் பேச்சு பதிவாகிறது, அதற்கும் சரிங்க. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

“இன்னா பிலோமினா இது? பூசைல ஆமென் சொல்ற மாரி சொல்லிக்கினே கீற!” என்றார் இவர்.

கம்ப்யூட்டரில் அந்தப் பெண் தொடர்ந்தாள். “அடுத்து மேடம், உங்களுக்கு இன்சூரன்ஸும் சேத்துடறேன். மாசம் ஒரு சின்ன தொகைதான். ஓகேவா மேடம்?”

அப்போது ரெக்கார்டில் தூரத்தில் வேறொரு குரல் கேட்டது. “சங்கரா! சங்கரா மீனேய்!”

அடுத்து என் குரல். மீன்காரியிடம் மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது. “அய்ய, வேணாம்! போன வாரம் தலைல கட்னதே நாறிப்போய் கெட்ந்துது. ஏமாத்தற வேலையெல்லாம் என்னாண்ட வெச்சுக்காத. வேற வூட்டப் பாரு, போ!”

அதற்கு அந்த பேங்க் பெண், “ச... சரிங்க மேடம்” என்றாள்.

பக்கத்து மேஜையில் யாரோ டீயைத் துப்பிவிட்டார்கள்.

“அது மீன்காரம்மாவைச் சொன்னது...” என்று அந்தத் தம்பி இழுத்தார்.

“சார், இன்சூரன்ஸுக்கு எங்கம்மா எங்க சரின்னு சொன்னாங்க? அந்த எடத்தைக் காட்டுங்க” என்றாள் ஜெசிந்தா.

இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்கள். இல்லை. மீன்காரியைத்தான் சொன்னேன் என்று நான் வாய் திறக்கப் போனேன். இவர் என் காலை மிதித்தார்.

இன்சூரன்ஸையும், அதனால் வந்த அபராதத்தையும் எடுத்துவிட்டார்கள். மாற்றிய கூலி என் தலையில்தான். அதற்குத்தான் கணீரென்று சரிங்க சொல்லியிருந்தேனே! பழைய கார்டை முதலில் அடைத்து, மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஜூன் மாதம் ஜெசிந்தா இரண்டாம் வருஷத்தில் போய் உட்கார்ந்தாள். இவர் ராத்திரியும் மூட்டை தூக்கியதில், வட்டி ஆரம்பிப்பதற்குள் புது கார்டும் முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்பதற்கு ‘சங்கரா’ என்றுதான் பெயர். அவள் நர்ஸ் ஆன பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மெதுவாக ஒரு பைக் கேட்டார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இவர் குனிந்து என் காதில், “இன்னா பிலோ, சங்கராவா?” என்றார்.

“சங்கராதான்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்து, “எங்க வூட்ல வஞ்சரம்னாதான் சாப்டுவாங்க” என்றார்.

கல்யாண விருந்தில் வஞ்சிரம் போட்டோம். பைக் போடவில்லை.