நெட் வராத ஞாயிற்றுக்கிழமை

லேப்டாப் ரீஸ்டார்ட் ஆச்சு. புது லினக்ஸ் ஜம்முனு வந்து உக்காந்துச்சு. வைஃபை இருக்க வேண்டிய மூலையில மட்டும் ஒண்ணுமே இல்ல. பழைய விண்டோஸை ஹர்ஷா ஏற்கெனவே மொத்தமா அழிச்சுட்டான்.

வைஃபைக்கு டிரைவர் இல்லையாம். டிரைவரை இறக்கணும்னா நெட் வேணும். நெட் வரணும்னா டிரைவர் வேணும். அமீர்பேட் முழுக்க அத்தனை கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டர் இருந்தும் இதை ஒருத்தனும் சொல்லித் தரலையேன்னு முணுமுணுத்தான்.

அப்பதான் அவன் பொண்டாட்டி மஹதி கிளம்பி வந்து நின்னா. பாலாநகர்ல அவ பெரியப்பா வெங்கடராமன் வீட்ல மதியச் சாப்பாடு. பெரியப்பா ரேடார் ஃபேக்டரில ரிடையர் ஆனவர். சாப்பாடு கொஞ்ச நேரம்தான், ரேடார் கதை சாயங்காலம் வரைக்கும் ஓடும். போன தடவை போய்ட்டு வந்தப்போ ஹர்ஷாவோட தலையே மெதுவா சுத்திட்டு இருந்துச்சு.

சட்டுனு அவனுக்கு ஞானம் பிறந்தது. ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து வெளிய வர்ற டாக்டர் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டான். நாளைக்கு டெமோ, நெட் வராம நகர முடியாதுன்னான். போனைக் கேபிள்ல மாட்டிப் பாக்கலாமேன்னு அவ கேட்டா. அவ்வளவு சுலபமில்லைன்னு வருத்தமா தலையாட்டினான்.

அவ உள்ள போனதும் போனைக் கேபிள்ல மாட்டினான். நெட் வந்துச்சு, டிரைவர் இறங்குச்சு, வைஃபை ஜோரா ஓடுச்சு. சார்ஜ் கம்மியா இருந்த போனைக் கிச்சன்ல சொருகிட்டு வந்தான். கருப்பு ஸ்கிரீன்ல எதையோ ஓடவிட்டு, அப்பப்போ பெருமூச்சு விட்டான். கருப்பு ஸ்கிரீன் ஓடற இடத்துக்கு யாரும் கிட்ட வர மாட்டாங்க.

ஆனா ஒண்ணு. ரெண்டு பேருக்கும் வீட்லேர்ந்தே வேலை, நாள் முழுக்க மீட்டிங். அதனால அந்த வீட்ல யாரும் குரல் கொடுத்துப் பேசறதில்ல. கேஸ் தீர்ந்தாலும் சாட்லதான், சண்டை போட்டாலும் சாட்லதான். நெட் வந்ததும் கை பழக்கத்துல லேப்டாப்ல அதையும் திறந்து வெச்சிருந்தான்.

டிங்னு வந்துச்சு. "காபி வேணுமா?"

"ஸ்ட்ராங்கா. சர்க்கரை கம்மி."

அனுப்பினதுக்கு அப்புறம்தான் அவனுக்கு உறைச்சுது. போன் கிச்சன்ல, அவ பக்கத்துல. அப்போ பதில் லேப்டாப்லேர்ந்துதான் போயிருக்கணும்.

மஹதி காபி கொண்டு வந்தா. ஸ்ட்ராங்காத்தான் இருந்துச்சு.

"நெட் வந்துதா, ஹர்ஷா?"

அவன் காபியைப் பாத்தான். "இன்னும் இல்ல."

"பாவம். நக்கோ, நீ வரவே வேண்டாம். பெரியப்பாகிட்ட சொல்லிட்டேன்."

ஹர்ஷாவுக்கு உள்ளுக்குள்ள கல்யாண மேளம்.

"மாப்பிள்ளை தவிக்கறாரேன்னு அவருக்கு மனசே கேக்கலை. கார்ல ஏறிட்டார். ரேடாரையே சரி பண்ணினவனுக்கு இது என்னங்கறார். நெட் வர வரைக்கும் உன்கூடவே இருப்பாராம்."

"அப்போ நீ?"

"பெரியம்மா தனியா இருப்பாளே. நான் அங்க போய்ட்டு நாளைக்கு வரேன்."

செருப்பை மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தா. "வரும்போதே நெட் ஓடிண்டிருந்தா அவர் மனசு கஷ்டப்படும். பாத்துக்கோ."

கதவு சாத்திக்கிச்சு. ஹர்ஷா லேப்டாப் முன்னாடி உக்காந்து, நல்லா ஓடிட்டிருந்த வைஃபை டிரைவரைப் பொறுமையா அழிக்க ஆரம்பிச்சான்.

உங்க வீட்லயும் யாராவது, வந்த நெட்டை இப்படி உக்காந்து உக்காந்து கெடுத்திருக்காங்களா?