கவனம்: பலகை

எங்கள் காட்டில் மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் மெரெரித் என்ற பெண்மணி. பதினோரு வருடமாக அதுதான் அவருடைய தொழில். வேல்ஸ் நாட்டு மழையில், வழுக்கும் வேர்கள்மீது, பயந்த மனிதர்களை மேலிருந்து கீழே முழுதாகக் கொண்டுவந்து சேர்ப்பார். அவர் முன்னால் போவார், விருந்தினர்கள் நடுவில் வருவார்கள், நெஸ்டா என்கிற நான் கடைசியில். கடைசியில் வருபவள் யாரிடமும் பேச வேண்டியதில்லை. விழுந்தவர்களை எண்ணிக்கொண்டு வந்தால் போதும். இந்த வேலைக்கு நான் சேர்ந்ததே அதற்காகத்தான்.

மெரெரித் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம். கண் எங்கே போகிறதோ, வண்டியும் அங்கே போகும். மரத்தைப் பார்த்தால் மரத்தில் மோதுவீர்கள். போக வேண்டிய வழியைப் பார்த்தால் போய்ச் சேருவீர்கள். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆட்கள் நம்புவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப்போக உரிமம் வேண்டும். வன அலுவலகம் அதை வருடாவருடம் மார்ச் கடைசியில் புதுப்பித்துத் தரும். மெரெரித்துக்கு வேறு தொழில் தெரியாது. பக்கத்தில் வேறு காடும் கிடையாது. பத்து வருடம் ஒரு தடங்கலும் வரவில்லை. பதினோராவது வருடம் ஒரு விபத்து நடந்துவிட்டது.

விபத்துக்கு உள்ளானவர் டெஸ்மண்ட், பிரிஸ்டல் நகரத்துப் பல் மருத்துவர். அவருடைய சைக்கிள் என் காரைவிட விலை கூடியது. காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை. கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தினார். பூட்டை விடுவிக்க மறந்தார். நின்ற நிலையிலேயே மெதுவாகச் சாய்ந்து விழுந்தார். மணிக்கட்டில் சுளுக்கு.

வன அலுவலகத்தின் சைக்கிள் தடப் பாதுகாப்பு முதுநிலை அலுவலர் இட்வல் ப்ரோதரோ கோப்போடு நேரில் வந்தார்.

“பத்து வருஷம் பூஜ்யம். போன வருஷம் ஒண்ணு,” என்றார். “பூஜ்யத்திலேருந்து ஒண்ணுன்னா எத்தனை சதவீதம் உயர்வுன்னு கம்ப்யூட்டராலேயே சொல்ல முடியலைம்மா. அவ்வளவு மோசம்.”

“அவர் நின்னுக்கிட்டே விழுந்தார் சார்,” என்றார் மெரெரித்.

“நிக்கும்போதே இந்த கதின்னா, ஓட்டும்போது?”

மெரெரித் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தடத்திலுள்ள எல்லா அபாயங்களையும் பட்டியலிட்டுக் கொடுத்தால் உரிமம் பரிசீலிக்கப்படும் என்றார்கள். மெரெரித் நேர்மையானவர். இருநூற்றுப் பதினான்கு வேர், அறுபத்தோரு பாறை, நான்கு ஓடை, ஒரு முரட்டு ஆட்டுக் கிடா என்று எழுதிக் கொடுத்தார்.

“மரம் எத்தனைன்னு போடலையே?” என்றார் ப்ரோதரோ.

“அது காடு சார்.”

“அதனாலதான் கேக்கறேன். மைதானமா இருந்தா கேப்பேனா?”

மூன்று நாள் மழையில் நின்று மரம் எண்ணினோம். ஆயிரத்து இருநூற்றாறு. நான் எண்ணினேன், மெரெரித் எழுதினார். நடுவில் ஒருமுறை நான் தும்மியதில் கணக்கு மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அடுத்த மாதம் இரண்டு லாரிகளில் மஞ்சள் பலகைகள் வந்து இறங்கின. ‘கவனம்: வேர்.’ ‘கவனம்: பாறை.’ ‘கவனம்: மரம்.’ எங்கள் நாட்டில் அரசுப் பலகை என்றால் வெல்ஷ் மேலே, ஆங்கிலம் கீழே என்று இரண்டு மொழியிலும் இருந்தாக வேண்டும். எங்கள் பெற்றோர் சிறைக்குப் போய் வாங்கித் தந்த உரிமை அது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலகை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. வெல்ஷை மட்டும் படித்தவர்கள் பலகைக்கு முன்னால் திரும்பிவிட முடிந்தது. ஆங்கிலத்தையும் படித்துப் பார்த்தவர்களுக்கு நேரம் போதவில்லை.

முதல் சனிக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பேர் பலகையில் மோதினார்கள். எட்டாவது ஆளுக்குக் கண்ணாடியில் சேறு அடித்து ஒன்றும் தெரியவில்லை. அவர் பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தார்.

டெஸ்மண்டும் வந்திருந்தார். ‘கவனம்: வேர்’ பலகையைத் தழுவிக்கொண்டு கிடந்தார்.

“உங்களை வழியைத்தானே பார்க்கச் சொன்னேன்?” என்றார் மெரெரித்.

“இவ்வளவு பெரிசா எழுதி வெச்சுட்டுப் பாக்காதேன்னா எப்படிங்க?”

நியாயமான கேள்விதான். அதை ப்ரோதரோவிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வேரில் மோதினவங்க எத்தனை?”

“யாருமில்லை. வேர் வரைக்கும் யாரும் போய்ச் சேரலை.”

“பாத்தீங்களா? பலகை வேலை செய்யுது.” குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “ஆனா பலகையே இப்ப ஒரு அபாயம். அதுக்கு முன்னால ஒரு சின்ன எச்சரிக்கை வேணும்.”

இப்படித்தான் ‘கவனம்: பலகை’ என்ற பலகை வந்தது. கிடா இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அதன் பலகையை அதன் கழுத்திலேயே கட்டினார்கள். அதற்கு மட்டும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

சின்னப் பலகையிலும் ஆட்கள் மோதியபோது கடைசி நிபந்தனை வந்தது. ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் இறங்க வேண்டும். படித்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது நிமிடத் தடத்துக்கு ஆறரை மணி நேரம் ஆயிற்று. யாரும் ஓட்டவில்லை என்பதால் யாரும் விழவில்லை.

“சார், நான் பதினோரு வருஷமா பாக்காதேன்னு சொல்லித்தான் சம்பாதிக்கிறேன்,” என்றார் மெரெரித். “பாருன்னு கையெழுத்து வாங்கச் சொல்றீங்க. நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் உரிமத்தைக் கொடுங்க, இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க.”

ஆய்வு என்ற பெயரில் ப்ரோதரோ ஒப்புக்கொண்டார். மார்ச் முப்பதாம் தேதி, வாடகைச் சைக்கிள், முழங்கால் கவசம், கழுத்துக் கவசம். டையைக் கழற்ற மறுத்துவிட்டார்.

“முழங்காலை மடக்குங்க. குதிகாலைக் கீழே அழுத்துங்க. பிரேக்குக்கு ஒரே ஒரு விரல்,” என்றார் மெரெரித். “பலகை இருக்குன்னே மறந்துடுங்க. அந்த வளைவு முடியுற இடத்துல வெளிச்சம் தெரியுது பாருங்க. அதை மட்டும் பாருங்க.”

“அதை மட்டுமா?”

“அதை மட்டும்.”

ப்ரோதரோ போனார். நான் பின்னாலேயே போனேன். முதல் வளைவில் தோள் விறைத்திருந்தது. இரண்டாவதில் தளர்ந்தது. ஓடையைத் தாண்டும்போது டை தோளுக்கு மேல் பறந்தது. அடிவாரத்தில் நிறுத்தியபோது முகமெல்லாம் சேறு. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இன்னொரு தடவை போலாமா?” என்றார்.

மெரெரித் என் கையைப் பிடித்து அழுத்தினார். உரிமம் கிடைத்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அறிக்கை வந்தது. அதில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஆய்வு அலுவலர் தடம் முழுவதையும் நேரில் ஓட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பலகைகூடத் தென்படவில்லை. ஆகவே பலகைகளை மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும்.

மூன்று மடங்குப் பலகைகள் தடத்தை அடைத்துக்கொண்டதால், அங்கே சைக்கிள் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. மெரெரித்தின் நடத்தை முன்னுதாரணமானது என்பதால், அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உரிமம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. இரண்டு உத்தரவும் ஒரே உறையில் வந்தன.

இனி யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தோம். ஆனால் கூட்டம் கூடியது. பலகைக்குப் பக்கத்தில் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது அந்தக் கோடையில் ஒரு மோகமாகிவிட்டது. டெஸ்மண்ட் பழைய சைக்கிளை விற்றுவிட்டு அதைவிட விலை கூடிய, எடை குறைந்த ஒன்றை வாங்கினார்.

“தள்ளிக்கிட்டு நடக்க இதுதான் லேசா இருக்குங்க,” என்றார்.

மெரெரித் தள்ளுவதற்குச் சரியான நிலையைக் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் அதிகம் பேசுவதில்லை என்று அவர் கணவர் சொன்னார்.

ஜூலையில் ஒருநாள் தொலைபேசி அடித்தது. ப்ரோதரோ.

“நெஸ்டா, பலகை இல்லாத தடம் ஏதாவது இருக்கா?”

“எதுக்கு சார், பலகை வைக்கவா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இல்லைம்மா. எனக்கு.” பிறகு அவசரமாக, “எங்கேன்னு சொல்லாதே. தெரிஞ்சா எழுதணும்.”

காட்டின் பின்சரிவில் ஆடுகள் நடந்தே உண்டாக்கிய ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். மெரெரித் நாலு மாதத்துக்குப் பிறகு சைக்கிள் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே முகம் மாறிவிட்டது. முதலில் அவர் இறங்கினார், பின்னால் ப்ரோதரோ, டை இல்லாமல். இரண்டு பேரும் வளைவில் சாய்ந்து மறைந்தார்கள்.

கடைசியாக நான். நாலு மாதமாகத் தள்ளுவதும் படிப்பதும் கையெழுத்துப் போடுவதுமாக இருந்தவள். முதல் வளைவில் என் கண் தானாக மஞ்சளைத் தேடியது. மஞ்சள் இல்லை. ஒரு வேர்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போய் அதன் மேலேயே விழுந்தேன்.

இரண்டு பேரும் வண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தார்கள்.

“அடி பட்டிருக்காடி?” என்றார் மெரெரித்.

நான் அதிகம் பேசாதவள். அன்றைக்கும் சும்மா இருந்திருக்கலாம்.

“ஒண்ணுமில்லை,” என்றேன். “இங்க ஒரு பலகை வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

ப்ரோதரோ மெரெரித்தைப் பார்த்தார், வேரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அவர் கை மட்டும் தானாகச் சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டுக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் பலகைகளோடு லாரி வந்தது. பெற்றுக்கொண்டதற்கு யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஓட்டுநர். மெரெரித் உள்ளேயிருந்து வரவில்லை.

நான்தான் போட்டேன்.