சந்தூரும் கிணத்துக் கயிறும்

இனிமே கிணத்துக் கயிறை இந்தக் கையால தொடறதில்லைன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நான் முடிவு பண்ணேன். எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. வாரம் பூரா கும்மிடிப்பூண்டி ஒர்க்ஷாப்புல ஸ்டோர்கீப்பரா நட்டும் போல்ட்டும் எண்ணிக்கினு கிடக்கிறவன், ஒரு நாளாவது ஊட்ல காலை நீட்டலாம்னு பாத்தா என் பெண்டாட்டி கங்கம்மா விடமாட்டா. தண்ணி சேந்தணும், தொட்டியை ரொப்பணும், எருமையைக் கழுவணும். எங்க கிணறு வேற சாதாரண ஆழமில்ல. அதை வெட்டினவனுக்குப் பாதாள லோகத்துல சம்பந்தி யாராவது இருந்திருக்கணும்.

முதுகு வலின்னு சொல்லிப் பாத்தேன். பாவம்னு வெந்நீர் வச்சுக் குடுத்தா. அந்த வெந்நீருக்கும் நான்தான் தண்ணி சேந்தினேன்.

அந்த நேரம் பாத்து ரேடியோவுல சந்தூர் வாசிச்சாங்க. காஷ்மீர் வாத்தியமாம். ரெண்டு மெல்லிசான மரக்குச்சியால கம்பிங்களைத் தட்டித் தட்டி வாசிக்கிறது. வாசிக்கிறவங்க மணிக்கட்டு ரொம்ப மிருதுவா இருக்கணும்னு ரேடியோக்காரர் சொன்னார். எனக்கு மீதி எதுவும் காதுல விழல. மணிக்கட்டு மிருதுவா இருக்கணும்னா, அப்படிப்பட்டவன் கிணத்துக் கயிறை இழுக்கலாமா? கூடவே கூடாது.

மறுநாளே ஒர்க்ஷாப்புக்கு லீவு போட்டுட்டு ரயிலேறி மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்க ஒரு பாய் கடையில பழைய சந்தூர் ஒண்ணு உடைஞ்சு கிடந்திச்சு. நூலால அளவெடுத்துக்கினேன். கம்பியும் ஆணியும் அதைத் திருகற சாவியும் மட்டும் வாங்கினேன். ஈரக்காத்து பட்டா மரம் உப்பும், கம்பி சுருதி கலைஞ்சுபூடும், ஜாக்கிரதைன்னு பாய் சொல்லி அனுப்பினார். ஊட்டுக்கு வந்ததும் அதை கங்கம்மாகிட்ட அரைமணி நேரம் விளக்கமா எடுத்துச் சொன்னேன். நாலு விஷயம் தெரிஞ்ச புருஷன்னு நினைக்கட்டுமே.

பலகைக்கு எங்கியும் அலையல. என் மாமனார் ஊஞ்சலுக்குன்னு குடுத்த பலாப்பலகை பரண்ல சும்மா கிடந்திச்சு. எடுத்து அறுத்தேன். கங்கம்மா வாசப்படியில நின்னு பாத்தா. மரத்தூளைக் கூட்டி அள்ளிக்கினு உள்ள போனா. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

முறம் மாதிரி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், அப்படி ஒரு பெட்டி. அதுமேல ரெண்டு வரிசையா சின்னச் சின்ன மரக்கட்டை. அதுக்குக் குதிரைன்னு பேரு. ஒவ்வொரு குதிரை மேலயும் மூணு கம்பி. இந்தப் பக்கம் ஆணியில மாட்டி, அந்தப் பக்கம் முறுக்காணியில சுத்தி, ஒரு சாவியால திருகணும். மூணு கம்பியும் ஒரே குரல்ல பேசினாத்தான் ஒரு ஸ்வரம். மொத்தம் நூறு கம்பிக்குக் கொஞ்சம் கம்மி.

பெட்டி நல்லாவே வந்திச்சு. அந்த சந்தோஷத்துல, ஆயுத பூஜைக்கு ஒர்க்ஷாப்புல வாசிக்கிறேன்னு மானேஜர்கிட்ட வாயை விட்டுட்டேன். அவர் உடனே நோட்டீஸ் போர்டுல எழுதச் சொல்லிட்டார். 'சந்தூர்: துளசிராமன், ஸ்டோர்ஸ்.' இனி வாசிக்கலேன்னா ஒரு நட்டு கேட்டு வர்றவன்கூட என்னைப் பாத்துச் சிரிப்பான்.

முதல் ஞாயித்துக்கிழமை சாவியை எடுத்துக்கினு உக்காந்தேன். மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னதும் கங்கம்மா தானே தண்ணி சேந்தினா. சொர்க்கம்னா அதுதான். ஆனா கம்பிதான் பேஜாரு பண்ணிச்சு. ஒண்ணை ஏத்தினா ஒண்ணு இறங்குது. எனக்கு ரயில் ஊதறதும் ஆலைச் சங்கு ஊதறதும் ஒரே சத்தம்தான். பக்கத்து ஊட்டு ஆரோக்கியமேரி சுவரோரமா வந்து, உங்க ஊட்ல கத்தி தீட்டுறீங்களா, எங்களுதும் ரெண்டு கீதுன்னு சொல்லிட்டுப் போச்சு.

அடுப்பங்கரையிலிருந்து கங்கம்மா குரல் வந்திச்சு.

"நடுக் கம்பி இறங்கிக்கினு கீதுங்க."

அவ அப்பா எளாவூர்ல பஜனை நடத்தினவர். சின்ன வயசுலேர்ந்தே ஆர்மோனியத்தோட வளந்தவ. காது அவ்ளோ சுத்தம். நான் கெஞ்சினேன்.

"நீயே வந்து கொஞ்சம் சுருதி சேத்துக் குடேன்."

"எனக்கு எங்கங்க நேரம்? தண்ணி யாரு சேந்துறது? நீங்க ரெண்டு குடம் சேந்திக்கினு வாங்க, நான் ஒரு குதிரையைப் பாத்து உட்றேன்."

"மணிக்கட்டு கெட்டுப்பூடும் கங்கம்மா."

"கம்பியே சேராதப்ப மணிக்கட்டை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

கயிறை எடுத்தேன். முன்னெல்லாம் தொட்டி ரொம்பினா விட்டுடுவா. இப்ப தொட்டி ரொம்பிடுச்சு, குதிரை பாக்கி கீது. எருமைத் தொட்டியையும் ரொப்பினேன். அப்பவும் பாக்கி. கடைசியில ஆரோக்கியமேரி ஊட்டுக் குடமெல்லாம் எங்க கிணத்தடிக்கு வந்து வரிசையா உக்காந்திச்சு.

சாயங்காலம் வாசிச்சுப் பாத்தேன். நிஜமாவே நல்லா இருந்திச்சு. குச்சி பட்ட இடத்துலேர்ந்து சத்தம் கலகலன்னு தெறிச்சுது. நானா வாசிக்கிறேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கையில கொப்புளம் இருந்ததுகூட மறந்துபோச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை தட்டினேன். ஓட்டைத் தகரம் மாதிரி ஒரு சத்தம். எல்லாக் கம்பியும் தொங்கிக்கினு கீது.

"இன்னாடி இது?"

"ஈரங்க. நீங்கதான சொன்னீங்க, ஈரம் பட்டா கலைஞ்சுபூடும்னு."

வெளியே வெயில் மண்டையைப் பொளக்குது. ஆனா சொன்னவன் நான். இல்லைன்னு எப்படிச் சொல்றது? திரும்ப கயிறு, திரும்ப குடம். வாரா வாரம் ஈரம். அதுவும் ஞாயித்துக்கிழமையாப் பாத்து வர்ற ஈரம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மெஷினுங்களையெல்லாம் துடைச்சுப் பொட்டு வச்சுட்டு மத்தியானமே எங்களை அனுப்பிட்டாங்க. நான் ஊட்டுக்குள்ள நுழையறேன். கங்கம்மா சந்தூர் முன்னால சம்மணம் போட்டு உக்காந்துக்கினு, மெதுவா ஒரு பஜனைப் பாட்டைப் பாடிக்கினே, சாவியால ஒவ்வொரு ஆணியாத் திருகி சுருதியை இறக்கிக்கினு இருந்தா.

என்னைப் பாத்து அவ பதறக்கூட இல்ல.

"இன்னா பண்றே?"

"பாத்தா தெரியலீங்களா? இறக்குறேன்."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"எங்கப்பா பலகையை அறுத்தீங்களே, அதுலேர்ந்து."

எனக்கு வந்த ஆத்திரத்துல இன்னா பேசினேன்னு எனக்கே தெரியாது. வஞ்சகின்னேன். என் கைக் கொப்புளத்தையெல்லாம் ஒண்ணொண்ணாக் காட்டினேன். குட்டு வெளிப்பட்டுப்போச்சு, இனிமே என்கிட்ட உன் ஜம்பம் பலிக்காதுன்னு சொன்னேன். இந்த வாத்தியத்துமேல உன் விரல் பட்டுச்சோ, அப்புறம் நடக்கறதே வேறன்னு கத்தினேன். சத்தியமா சொல்றேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து அவளை நான் ஜெயிச்சது அன்னிக்குத்தான்.

அவ பொறுமையா எழுந்தா. சாவியை என் உள்ளங்கையில வச்சா.

"தொடலீங்க. நீங்களே சேத்துக்கங்க. நாளைக்கு எத்தினி மணிக்குங்க உங்க கச்சேரி?"

உள்ள போயிட்டா. நான் உக்காந்தேன். ஒரு கம்பியைத் திருகினேன். பக்கத்துக் கம்பியைத் திருகினேன். ரெண்டும் ரெண்டு ஊருக்குப் போச்சு. மூணாவது அறுந்துபோச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியமேரி, கத்தி தீட்ட ஆரம்பிச்சாச்சான்னு கேட்டுது. நோட்டீஸ் போர்டு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. அடுப்பங்கரையில கங்கம்மா, பூஜைக்கு ஊடு பூரா கழுவணும், எருமைக் கொட்டாயும் கழுவணும், எம்மாந் தண்ணி வேணுமோன்னு யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிக்கினு இருந்தா.

எழுந்து போய் சாவியை அவ பக்கத்துல வச்சேன்.

"கங்கம்மா, கிணத்துக் கயிறு எங்க கீது?"